இன்னும் காயவில்லை

ஐப்பசி அடைமழையில் ஒரு பலகையின் முன் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். தேக்கு ஊஞ்சல் பலகை. ஐந்தடி நீளம், இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், ஒன்றரை அங்குலக் கனம், நான்கு மூலைகளிலும் பித்தளை வளையம் மாட்டும் துளைகள். கும்பகோணத்தில் பிறந்த வீட்டை இடித்தபோது, மயிலாப்பூர் மாமி ஒருவர் தனக்கென்று கேட்டு வாங்கி வந்தது இந்தப் பலகையை மட்டும்தான். ஒரு மூலைத் துளையிலிருந்து கிளம்பிய வெடிப்பு, மரத்தின் ரேகையோடு இரண்டடி தூரம் ஓடியிருந்தது. அகன்ற இடத்தில் ஒரு பென்சில் நுழையும். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், ஊஞ்சல் இந்தப் பலகையில்தான் நடக்க வேண்டும் என்பது மாமியின் ஆசை. ஹார்டனர் என்ற இன்னொரு நீர்மத்தோடு கலந்தால் கெட்டியாக இறுகும் எபாக்சி ரெசினால் வெடிப்பை நிரப்பி, மேலே மெல்லிய பூச்சும் கொடுத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆட்களின் பாரத்தை ரெசின் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. தச்சரை அழைத்து அடியில் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகள் போட்ட பிறகே கையை வைத்தேன்.

ஊற்றிய மறுநாள் விரல் வைத்தால் ஒட்டியது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், மழை விட்ட இடைவெளியில், மொட்டை மாடி வெயிலில் பலகையைச் சாய்த்து வைத்தேன். நான்காம் நாள் காலையில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். வெடிப்பின் நடுவில், தேன் நிறத்துக்குள், என் விரலின் சுழி கோடு கோடாகப் பதிந்து நின்றது. அந்த நேரம் பார்த்து மாமி தொலைபேசியில் அழைத்தார். "என்ன தம்பி, வேலை ஆயிற்றா?" என்றார். "இன்னும் காயவில்லை மாமி, மழைக்காலம் இல்லையா" என்றேன்.

அந்தப் பதில் பல மாதங்கள் என்னை விடவில்லை. மாமி அதை அப்படியே நம்பினார் என்பது இன்னும் உறுத்தியது. அதில் 'காயவில்லை' என்ற சொல்லே தவறு. மழையின் மேல் நான் போட்ட பழியும் முக்கால்வாசி தவறு. சென்னையில் ரெசின் வேலை செய்கிறவர்கள் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர், இந்த ஊர் ஈரக்காற்றுக்கு எபாக்சி ஒத்துவராது என்பார்கள். நானும் அந்த எட்டுப் பேரில் ஒருவனாகத்தான் இருந்தேன். இப்போது என் கணக்கு வேறு. கெட்டுப்போகும் வேலையில் காற்றின் பங்கு கால்வாசி. மீதி முழுவதும் நம் தராசிலும், கேனின் மூடியிலும், அவசரத்திலும் இருக்கிறது.

காய்வதும் இறுகுவதும்

வடாம் காய்கிறது, வேட்டி காய்கிறது, சுவரில் அடித்த பெயின்ட் காய்கிறது. இவற்றிலெல்லாம் ஏதோ ஒன்று வெளியேறுகிறது. தண்ணீரோ தின்னரோ ஆவியாகிப் போக, மிச்சம் நிற்கிறது. எபாக்சியில் எதுவும் வெளியேறுவதில்லை. நூறு கிராம் கலவை ஊற்றினால் இறுகிய பிறகும் அது நூறு கிராம்தான். ரெசினின் மூலக்கூறு முனைகளும் ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருளின் முனைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, முப்புறமும் பின்னிய ஒரே வலையாகிவிடுகின்றன. ஒவ்வொரு முனைக்கும் ஒரு ஜோடி வேண்டும். ஜோடி கிடைக்காத முனை எத்தனை நாளானாலும் வலைக்கு வெளியேதான் தொங்கும். பிசுபிசுப்பாக நம் விரலில் ஒட்டுவது அதுதான்.

இது புரிந்தால், பலகையை வெயிலில் வைத்தது எவ்வளவு வீண் என்பதும் புரியும். அளவு சரியாக இருந்து, குளிரால் மட்டும் தாமதமானால் சூடு உதவும். பத்து டிகிரி வெப்பம் ஏறினால் இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அளவே தவறியிருந்தால், கத்திரி வெயிலில் ஒரு மாதம் வைத்தாலும் சூடான பிசுபிசுப்புதான் மிஞ்சும். 'காயவில்லை' என்ற சொல் என்னை மாடிக்கு ஏற்றியது. 'இறுகவில்லை' என்று நினைத்திருந்தால், அன்றே தராசைப் பார்த்திருப்பேன்.

எபாக்சி நம் வீடுகளுக்குப் புதியதும் அல்ல. ஒழுகும் குழாயை அடைக்க எம்-சீல் பிசையாதவர்கள் குறைவு. இரண்டு நிறக் கட்டிகளைச் சம அளவில் கிள்ளி, கோடு தெரியாமல் ஒரே நிறமாகும்வரை பிசைகிறோம். சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு நிறத்தைக் கூடுதலாகக் கிள்ளிப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. அரல்டைட்டின் இரண்டு குழாய்களையும் ஒரே நீளத்துக்குத்தான் பிதுக்குகிறோம். கைக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு, கேனும் கோப்பையும் தராசும் வந்தவுடன் எனக்கு மறந்துபோனது.

அண்ணனின் மூக்கு

நான் இந்த வேலையைக் கற்றது காசிமேட்டில், ஃபைபர் படகு செய்யும் ஓர் அண்ணனிடம். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவர் கையும் அப்போதிலிருந்து ஓயவில்லை. கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினைத் தூரிகையால் குத்திக் குத்தி, காற்றுக் குமிழியை உருளையால் ஓட்டி வெளியேற்றும் நேர்த்தியை அவரிடம்தான் பார்த்தேன். மழைநாளில் அவர் சொல்வார்: "இன்று காற்று குளிர்ச்சி. இரண்டு சொட்டு கூட விடு." சொன்னபடி இரண்டு சொட்டு கூட விட்டால், படகின் ஓடு சொன்ன நேரத்துக்கு இறுகும். அந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மாமியின் பலகைக்கு ரெசின் கலந்தேன்.

நான்காம் நாள் மாலை, விரல் பதிந்த அந்தக் கலவையில் கோப்பையின் அடியில் நின்ற மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நகத்தால் கீறினார், பிறகு மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் முகர்ந்தார். "தம்பி, இது எங்கள் சரக்கே இல்லையே" என்றார். "எங்களுடையது தெரு முனையிலேயே மூக்கைப் பிடித்துவிடும். இதில் அந்த வாடையே காணோம். இதற்கு எவ்வளவு விட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கேனில் என்ன எழுதியிருக்கிறது?"

நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கியது. அவர் ஆயுள் முழுவதும் கையாண்டது எபாக்சி அல்ல, பாலியஸ்டர் என்ற வேறு வகை ரெசின். அந்த மூக்கைத் துளைக்கும் வாடை அதிலுள்ள ஸ்டைரீன். அதில் விடுகிற கேட்டலிஸ்ட், பாலுக்கு ஊற்றும் உறை மாதிரி. நூறு பங்குக்கு ஒன்று, இரண்டு பங்கு போதும். வேலையைத் தொடங்கிவைப்பதே அதன் வேலை. குளிர்நாளில் அம்மா ஒரு கரண்டி மோர் கூடுதலாக விடுவதுபோல, அவர் இரண்டு சொட்டு கூட விடுவது அவருடைய சரக்குக்கு முற்றிலும் சரி. எபாக்சியின் ஹார்டனர் உறை அல்ல, பாலிலேயே ஒரு பங்கு அதுதான். தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கி நிற்காது, கட்டடத்தின் செங்கலாகவே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு கிராமும் ஜோடியில்லாமல் உள்ளே திரியும்.

அவர் கேட்ட கேள்விக்காக வீட்டுக்கு வந்து கேனை எடுத்துப் படித்தேன். 'இரண்டுக்கு ஒன்று' என்பது பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல, 'கன அளவில்' என்று, அதாவது எடையில் அல்ல, கொள்ளளவில். நான் எடைத் தராசில் வைத்து 100 கிராம் ரெசினுக்கு 50 கிராம் ஹார்டனர் விட்டிருந்தேன். ரெசின் கனமானது, ஒரு மில்லிலிட்டர் சுமார் 1.15 கிராம் நிற்கும். ஹார்டனர் இலேசானது, ஒரு கிராமுக்கும் சற்றுக் கீழே, 0.96 வரை. ஆக, கன அளவில் இரண்டுக்கு ஒன்று என்றால், எடையில் நூறுக்கு ஏறத்தாழ 42. நான் ஏற்கெனவே எட்டு கிராம் தாண்டிவிட்டேன்; அதன் மேல் மழைக்காக இன்னும் ஐந்து கிராம். 42 வேண்டிய இடத்தில் 55. தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு. வானத்தில் ஒரு மேகமும் இல்லாத நாளிலும் அது இறுகியிருக்காது.

அன்றிலிருந்து ஒரு கேனை வாங்கியவுடன் முதலில் தேடுவது அந்தச் சிறிய எழுத்தைத்தான். எடை விகிதமும் கன விகிதமும் வெவ்வேறு எண்கள் என்பதால், எது எது என்று மார்க்கர் பேனாவால் கேனின் நெற்றியில் பெரிதாக எழுதிவிடுகிறேன். தராசில் எடை பார்ப்பதே என் வழக்கம். ஆனால் எடைக்கான எண்ணோடு. இருபது, முப்பது கிராம் போன்ற சிறு கலவைக்கு, கிராமின் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு கட்டாயம் வேண்டும். கலக்கும்போது மூன்று நிமிடமாவது, கோப்பையின் சுவரையும் அடியையும் குச்சியால் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். பிறகு இன்னொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம். முதல் கோப்பையின் சுவரில் ஒட்டியிருப்பது சரியாகக் கலவாதது. சிக்கனம் பார்த்து அதை வழித்து வேலையின் மேல் விட்டால், எல்லாம் இறுகிய பரப்பில் ஒரு நாணய அளவுக்குப் பிசுபிசுப்பு நிரந்தரமாக நிற்கும்.

இறுகாததன் மேல் புதிதாக ஊற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. அடியில் கிடக்கும் கூழ் கூழாகவே கிடக்கும். வெடிப்புக்குள் மெல்லிய தகட்டை விட்டு, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் இலேசாகச் சூடு காட்டி, நார் நாராக இழுத்து எடுத்தேன். ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. பிறகு அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, 100-க்கு 42 என்று மறுபடி ஊற்றினேன். அன்றும் மழைதான். மறுநாள் காலை நகம் இறங்கவில்லை.

மழையின் கால்வாசி

இனி மழைக்கு உரியதை மழைக்குக் கொடுத்துவிடுகிறேன். வெடிப்பு சரியான பிறகு, மேற்பூச்சை ஒரு மழை இரவில் பூசினேன். காலையில் இறுகியிருந்தது, ஆனால் பளபளப்பு இல்லை. எண்ணெய்க் கையால் தொட்ட எவர்சில்வர் தட்டு மாதிரி ஒரு மங்கல், தொட்டால் மெழுகு வழவழப்பு. ஹார்டனரின் அமீன், ரெசினைப் பற்றுவதற்கு முன், காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் பற்றிக்கொண்டதால் வரும் படலம் இது. ஈரக்காற்று அதிகமுள்ள நாளில் இது கூடும், மறுக்கவில்லை. நான் செய்த பிழை, நேராக உப்புத்தாளை எடுத்தது. இரண்டு இழுப்பில் தாள் அடைத்துக்கொண்டது. படலம் போகாமல் பரவியது. அந்தப் படலம் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவி, சுத்தத் துணியால் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் அடுத்த பூச்சைப் பூசினால், அது பின்னாளில் தோலாக உரியும்.

ஆனால் அந்த மங்கலும் முழுக்க வானத்திலிருந்து வந்ததா? ஹார்டனர் கேனின் வாயைப் பார்த்தபோது, திருகு மரையைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு. மூன்று மாதமாக மூடியை ஒப்புக்கு வைத்துத் திருகியிருக்கிறேன். ஊற்றிய பிறகு வழிந்த சொட்டைத் துடைக்கவில்லை. பலகையின் மேல் ஓர் இரவில் நடந்தது, கேனுக்குள் மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. காற்றோடு பாதி வாழ்ந்து தீர்த்த ஹார்டனரை ஊற்றிவிட்டு, அன்றிரவு மழையைக் குறை சொன்னேன்.

சேமிப்பது வேலைக்குப் பின்னால் வரும் சில்லறைக் காரியம் என்று நினைத்திருந்தேன். இப்போது என் நேரத்தில் கணிசமான பங்கு அலமாரிக்குப் போகிறது. பெரிய கேனில் ஹார்டனர் பாதிக்குக் கீழே போனதும், சிறிய புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி மாற்றிவிடுகிறேன்; உள்ளே காற்றுக்கு இடமே இருக்கக் கூடாது. ஊற்றியவுடன் வாயைத் துடைத்து, மூடி. ரெசின் மூடியும் ஹார்டனர் மூடியும் இடம் மாறினால் அவ்வளவுதான், மரையிலேயே இறுகி, கேனை அறுத்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு கேன்களிலும் வேறு வேறு நிறத் துணிப்பட்டை கட்டியிருக்கிறேன். திறந்த தேதியை எழுதுகிறேன். ஹார்டனர் நாளாக நாளாகச் சிவக்கும்; நிறம் மாறியதாலேயே அது கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. மரப்பூச்சுக்கு உதவும், தெளிவாகத் தெரிய வேண்டிய வேலைக்கு ஆகாது. குளிரூட்டிய அறையிலிருந்து கேனை எடுத்துவந்து மொட்டை மாடியில் உடனே திறப்பதையும் விட்டுவிட்டேன். குளிர்ந்த நீர்ச் சொம்பு வியர்ப்பது போலக் கேனின் உட்சுவரும் வியர்க்கும். மூடியோடு ஒரு மணி நேரம் வெளியே இருந்து, அந்த இடத்தின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

ரெசினுக்கு வரும் கோளாறு வேறு. நண்பர் ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று ரெசினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாகக் கட்டியிருந்தது. கெட்டுவிட்டது என்று ஐந்து கிலோவைத் தூக்கி எறிந்துவிட்டார். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் குப்பையிலிருந்து எடுத்து வந்திருப்பேன். தூய எபாக்சி ரெசினின் உருகுநிலை 42 டிகிரிக்கு அருகில். நம் அறையில் அது நீர்மமாக நிற்பதே கடன் வாங்கிய நிலை. குளிரோ, இரவில் குளிர்ந்து பகலில் சூடாகும் மாற்றமோ, ஒரு தூசியோ போதும், படிகம் கட்டத் தொடங்கிவிடும். தேங்காய் எண்ணெயை வெந்நீரில் வைப்பது போலவே இதற்கும். 50, 60 டிகிரித் தண்ணீரில் கேனை மூடியோடு இறக்கி, அவ்வப்போது மூடியைத் தளர்த்திக் கிளறி, முழுவதும் கண்ணாடியாகத் தெளியும்வரை வைக்க வேண்டும். வாயோரத்தில் ஒட்டிய படிகமும் உருக வேண்டும். அது மிஞ்சினால் அதையே விதையாகக் கொண்டு மறுபடி கட்டும். உருகியதும் சூட்டோடு கலந்துவிடவும் கூடாது, ஆற விட வேண்டும்.

சூட்டைப் பற்றி ஒன்று. கேனில் 'நாற்பது நிமிடம்' என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 25 டிகிரியில், நூறு கிராம் கலவைக்குச் சொன்ன கணக்கு. மே மாதச் சென்னையில் அதில் பாதிகூட நிற்காது. ஒருமுறை அரைக் கிலோ கலவையைக் கோப்பையிலேயே விட்டுவிட்டுத் தொலைபேசி பேசப் போனேன். திரும்பி வந்தபோது புகை; கோப்பையின் இடுப்பு வளைந்து சரிந்திருந்தது. இறுகும்போது பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல், அந்தச் சூடே இறுகுதலை மேலும் முடுக்கும். கலந்தவுடன் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிவிட்டால், நேரம் கிடைக்கும். மிச்சக் கலவையை மரத்தூள் கிடக்கும் குப்பைத் தொட்டியில் ஒருபோதும் போடாதீர்கள். திறந்த வெளியில், சிமென்ட் தரையில் இறுகி ஆறட்டும்.

கை

இதை எழுதத் தொடங்கியபோது தோலைப் பற்றிச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்தபடி ரெசினில் சாவிக்கொத்தும் டம்ளர் வைக்கும் கோஸ்டரும் செய்யும் ஒரு தங்கையின் கண் இமைகள் வீங்கிச் சிவந்திருந்ததைச் சென்ற மாதம் பார்த்தேன். இரண்டு வருடம் வெறுங்கையால் வேலை செய்தாள், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே கையுறை போடவில்லை. எபாக்சி ஒவ்வாமை அப்படித்தான் வரும், பலமுறை தொட்ட பிறகு ஒருநாள். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. அதன்பின் ஒரு துளியும், இறுகாத தூளும்கூடத் தோலைக் கிளப்பிவிடும். அவள் இந்தத் தொழிலை விட வேண்டியிருக்கிறது.

நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர்க் கையுறை போடுங்கள். கையில் பட்டால் தின்னராலோ அசிட்டோனாலோ துடைக்காதீர்கள். அது ரெசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகக் கொண்டுசெல்லும். காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும். காற்றோட்டமுள்ள இடத்தில் கலக்குங்கள். உப்புத்தாள் போடுவதற்கு முன் நன்றாக இறுக விடுங்கள். முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். தூள் பறக்காமல் ஈரத்தோடு தேய்த்து, தூசிக்கான முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும் அறையில் இந்த வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பலகையை மார்கழிக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெடிப்பிருந்த கோட்டின் மேல் நகத்தை வைத்து இரண்டடியும் இழுத்துப் பார்த்தார். எங்கும் தடுக்கவில்லை. அப்போதுதான் சொன்னேன், அன்று தொலைபேசியில் மழை என்று சொன்னது சரியில்லை, பிழை என் தராசில் என்று. "சரி செய்துவிட்டாய் அல்லவா" என்றார்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் கழித்து அழைத்தார். ஊஞ்சலின் ஓரத்தில் யாரோ கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரை வைத்து எடுத்ததில் வட்டமாக ஒரு தடம் விழுந்திருக்கிறதாம். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். கொடுக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. "உப்புத்தாள் போட்டு மேலே ஒரு பூச்சு கொடுத்தால் போய்விடும் மாமி, நாளைக்கே வருகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேண்டாம் தம்பி. அது சம்பந்தி வைத்த டம்ளர், இருக்கட்டும்" என்றார்.